நினைவகத்தை விடுவிக்கும் வேளை

இரவல் வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. வாங்கும்போது கேட்டுப் பெற்றால் போதும். திருப்பிக் கொடுக்கும்போதோ அப்பொருளை வேறு எவரும் கையாண்டுகொண்டிருக்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஊர்ப் பொது மண்டபத்தைத் திருமணத்துக்காகப் பெற்ற ஒருவர், பந்தியில் விருந்தினர் உண்டுகொண்டிருக்கையிலேயே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன நிகழும்? அடுத்து மண்டபத்தைப் பெற்றவர் வந்து இலைகளை எடுக்கத் தொடங்குவார். குற்றம் எவருடையது என்று அங்கே எழும் பூசலைத் தீர்ப்பதும் எளிதன்று. கணினியின் உள்ளே இத்தகைய குழப்பம் ஒரு நொடியின் மிகச் சிறிய பங்கில் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. அதனைத் தவிர்ப்பதற்கு வகுக்கப்பட்ட ஒழுங்கு யாது என்பதே இங்கு விளக்கப்படும் பொருள்.

இது பொறியியலாளருக்கு மட்டும் உரிய பொருள் என்று எண்ணுதல் தகாது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகரில் ஒரு வீட்டிலே கையடக்கத் தொலைபேசியை எடுத்து உறவினரோடு பேசும் ஒருவரை எண்ணிப் பார்க்க. அது அண்ட்ரொயிட் வகைத் தொலைபேசியாயின் அதன் அடியிலே இயங்குவது லினக்ஸ் எனப்படும் கருவாகும். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டுப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த அந்த ஆக்கம், இன்று உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கானோரின் கூட்டு உழைப்பால் வளர்ந்து நிற்கிறது. பணிசெயல் முறைமை என்று பாடசாலை நூல்கள் குறிப்பிடும் பெரும் ஏற்பாட்டின் நடுநாயகமாக விளங்குவதால் அதனைக் கரு என்பர். திரை, ஒலிபெருக்கி, வானலை வாங்கி முதலிய சாதனங்கள் ஒவ்வொன்றோடும் பேசத் தெரிந்த சிறு நிரல்கள் அக்கருவினுள் அமைந்துள்ளன. அவற்றுக்குச் செலுத்திகள் என்று பெயர். ஆங்கிலத்தில் டிரைவர் என்று வழங்குவதும் இவற்றையே. நினைவகத்தை இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் கடமை, பெரும்பாலும் இச்செலுத்திகளின் தலையிலே விழுகிறது.

நினைவகம் என்பது வரிசை வரிசையாக எண்ணிடப்பட்ட அறைகளைக் கொண்ட ஒரு பெரும் களஞ்சியம். எந்த நிரலுக்கு இடம் வேண்டுமோ அந்நிரல் கருவிடம் கேட்டுச் சில அறைகளைப் பெறுகிறது. வேலை முடிந்ததும் அவற்றை விடுவிக்கிறது. விடுவித்த அறைகள் அழிந்துபோவதில்லை. அவற்றின் உள்ளடக்கம்கூடப் பெரும்பாலும் உடனே துடைக்கப்படுவதில்லை. அவை வேறொருவருக்குக் கொடுக்கத் தக்கவை என்று ஏட்டிலே குறிக்கப்படுகின்றன, அவ்வளவே. ஆகவே விடுவித்தல் என்பது ஒரு செயல் மட்டுமன்று. அது ஒரு வாக்குறுதியும் ஆகும். "இவ்வறைகளை இனி நானும் தொடமாட்டேன், என் பொருட்டு வேறு எவரும் தொடமாட்டார்" என்பதே அவ்வாக்குறுதி. அதன் முற்பகுதியைக் காப்பாற்றுதல் எளிது. பிற்பகுதியைக் காப்பாற்றுவதிலேதான் இடர் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இடருக்குக் காரணமான குறுக்கீடு என்பதை முதலில் அறிதல் வேண்டும். தொடக்ககாலக் கணினிகளில், ஒரு சாதனம் தன் வேலையை முடித்ததா என்பதைக் கணினியே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும். தபாற்காரர் வந்தாரா என்று கணந்தோறும் வாசலுக்கு ஓடிப் பார்ப்பதைப் போன்றது அது. வேறு வேலை எதுவும் நடவாது. 1950களில் இதற்கு ஒரு மாற்று வழி கண்டார்கள். சாதனம் தன் வேலை முடிந்ததும் மணி அடிக்கும்; கணினியின் செயலி தான் செய்துகொண்டிருந்ததை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, மணிக்குரிய பணியைக் கவனித்து, பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடரும். இம்மணியே குறுக்கீடு. தொலைபேசித் திரையில் விரல் படும்போதும், வானலைவழி ஒரு செய்தித் துணுக்கு வந்து சேரும்போதும், மின்கலத்தின் நிலை மாறும்போதும் இத்தகைய மணி ஒலிக்கிறது.

ஒல்லாந்து நாட்டில் உருவான எக்ஸ் 1 என்னும் கணினிக்குக் குறுக்கீடுகளைக் கையாளும் நிரலை எழுதியவர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா. அப்பணியை விளக்கியே 1959ஆம் ஆண்டில் அவர் கலாநிதிப் பட்டம் பெற்றார். அம்மணியின் வசதி அவருக்கு அச்சத்தையும் ஊட்டியது. எக்கணத்தில் அது ஒலிக்கும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆதலின் ஒரு தவறு நேர்ந்தால் அதனை மீண்டும் அவ்வாறே நிகழச்செய்து ஆராயவும் இயலாது. நூறு முறை சரியாக நடந்த நிரல் நூற்றோராவது முறை தவறும்; காரணம் தேடி மறுபடி இயக்கினால் சாதுவாக நடந்துவிடும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வச்சம் நீங்கிவிடவில்லை.

குறுக்கீட்டின்போது இயங்கும் நிரலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அது காத்திருத்தல் கூடாது. ஏனெனில் அது இயங்கும் நேரம் அதற்குச் சொந்தமானதன்று. இடைநிறுத்தப்பட்ட வேறொரு வேலையிடமிருந்து பறித்த நேரம் அது. ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் ஒருவர் ஆவணக் காப்பறையின் ஒரே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார் என்று கொள்க. மணி ஒலிக்கிறது. அவர் எழுதுகோலை வைத்துவிட்டு மணிக்குரிய பணிக்கு விரைகிறார். அப்பணிக்கும் அதே சாவி வேண்டும் என்றும், சாவி வைத்திருப்பவர் அதைத் திருப்பித் தரும்வரை காத்திருக்க வேண்டும் என்றும் விதி இருந்தால் என்ன ஆகும்? அவர் தமக்காகத் தாமே காத்து நிற்பார். அக்காத்திருப்புக்கு முடிவே இல்லை. கணினியிலும் இவ்வாறே ஆகும். குறுக்கீட்டின் நடுவே காத்திருக்க முற்பட்ட செயலி உறைந்து நின்றுவிடும்.

இனி, செலுத்தி பெறும் நினைவகத்தில் ஒரு சிறப்பு வகை உண்டு. பழைய முறையில், சாதனத்திலிருந்து வரும் ஒவ்வோர் எழுத்தையும் செயலியே கையால் எடுத்துக் களஞ்சியத்தில் வைக்கும். இது மிகுந்த காலத்தை விழுங்கியமையால், சாதனமே நேராக நினைவகத்தில் எழுதும்படி வழி செய்தார்கள். அதற்கு நேரடி நினைவக அணுகல் என்று பெயர். இதனை விளங்கிக்கொள்ளத் திருகோணமலை வாழ்வோர் தொலைவுக்குச் செல்ல வேண்டியதில்லை. துறைமுகத்தின் மறுபுறத்தே சீனக்குடாவில், இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியர் தம் கடற்படைக்கென அமைத்த எண்ணெய்க் குதங்கள் 99 உள்ளன. கப்பலில் வரும் எண்ணெயை ஆட்கள் வாளியில் சுமந்து சென்று குதத்தில் ஊற்றுவதில்லை. கப்பலின் பம்பி குழாய்வழியே நேராகக் குதத்துக்குள் செலுத்துகிறது. அலுவலகத்திலிருப்பவர் எந்தக் குதம் என்று சொல்வதோடு சரி. நேரடி அணுகலும் இத்தகையதே. எந்த அறைகளில் எழுதுவது என்பதைச் செலுத்தி சாதனத்துக்குச் சொல்லிவிடுகிறது; பின்னர் சாதனம் தன்போக்கில் எழுதிக்கொண்டே இருக்கிறது.

இங்கேதான் முதல் இடர் தோன்றுகிறது. அலுவலகத்தின் ஏட்டிலே "இக்குதம் வெறுமையாக உள்ளது, வேறு எண்ணெய் நிரப்பலாம்" என்று எழுதிவிட்டால் மட்டும் குழாயில் ஓடும் எண்ணெய் நின்றுவிடாது. வால்வை மூட வேண்டும். மூடிய செய்தி கப்பலுக்கு எட்ட வேண்டும். குழாயில் எஞ்சிய எண்ணெய் ஓடி முடிய வேண்டும். அவற்றுக்கு முன்னரே குதத்தை வேறொரு வகை எண்ணெய்க்கு ஒதுக்கினால் இரண்டும் கலந்து கெடும். செலுத்தி ஒன்று, சாதனம் எழுதி முடிக்குமுன் நினைவகத்தை விடுவித்துவிட்டால் அவ்வாறே நிகழ்கிறது. அவ்வறைகள் அதற்குள் வேறொரு நிரலுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். அங்கே ஒருவர் எழுதிய கடிதமோ, வங்கிக் கணக்கின் ஓர் எண்ணோ இருக்கலாம். அதன்மீது சாதனம் தன் பழைய தரவைக் கொட்டிவிடும். கெட்டுப்போனது ஓரிடம், கெடுத்தது வேறிடம். ஆகவே குற்றவாளியைக் கண்டுபிடித்தல் மிக அரிது.

இத்தகைய பிழை தற்செயலாகக் கேடு விளைவிப்பதோடு நிற்பதில்லை. தீயவர் கையில் அது கருவியாகவும் ஆகிறது. விடுவித்த அறையை ஒரு நிரல் இன்னும் தன்னுடையது என்று நம்பிப் படிக்கும் வேளையில், அவ்வறையைத் தமக்கு ஒதுக்குவித்துத் தாம் விரும்பியதை அதில் எழுதிவைக்க வல்லவர்கள் இருக்கிறார்கள். அண்ட்ரொயிட் தொலைபேசிகளில் நிரல்களுக்கிடையே செய்தி பரிமாறும் பைண்டர் என்னும் செலுத்தியில் இவ்வகைப் பிழை ஒன்று இருந்தது. தானியங்கிச் சோதனைக் கருவி ஒன்று 2017ஆம் ஆண்டிலேயே அதனைக் கண்டது. 2018இன் தொடக்கத்தில் லினக்ஸ் கருவில் அது திருத்தப்பட்டது. ஆயினும் அத்திருத்தம் பல தொலைபேசிகளைச் சென்றடையவில்லை. அப்பிழையைப் பயன்படுத்தித் தொலைபேசிகளைக் கைப்பற்றுவதற்கான கருவி ஒன்று புழக்கத்தில் இருப்பதாக 2019 ஒக்டோபரில் கூகிள் நிறுவனத்தின் ஆய்வுக்குழு அறிவித்தது. அப்பிழைக்குக் குறுக்கீடு காரணமன்று. ஆயினும் விடுவித்தலின் வாக்குறுதி மீறப்பட்டால் ஒருவருடைய சட்டைப்பைக்குள் இருக்கும் அந்தரங்கம் வரை அது எட்டும் என்பதற்கு அது சான்றாகும்.

இரண்டாவது இடர் விடுவிக்கும் செயலிலேயே உள்ளது. சிறிய அளவு நினைவகத்தை விடுவித்தல் ஏட்டில் ஒரு குறிப்பு எழுதுவதைப் போன்றது. அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. லினக்ஸ் கருவில் அவ்வகை விடுவித்தலைக் குறுக்கீட்டின் நடுவிலும் செய்ய இசைவு உண்டு. ஆயின் சாதனங்களோடு பகிர்ந்துகொள்ளும் நினைவகம் சில கணினிகளில் வேறு விதமாக அமைகிறது. அதற்கெனத் தனி முகவரி கொடுக்கப்பட்டு, அம்முகவரி ஒரு பட்டியலில் பதியப்படுகிறது. இன்றைய தொலைபேசியில் ஒன்றல்ல, பல செயலிகள் உள்ளன; ஒவ்வொன்றும் விரைவின் பொருட்டு அப்பட்டியலின் சில பகுதிகளைத் தன்னிடம் படியெடுத்து வைத்துக்கொள்ளும். நினைவகத்தை விடுவிக்கும்போது அம்முகவரி இனிச் செல்லாது என்று எல்லாச் செயலிகளுக்கும் அறிவித்து, அவை தத்தம் படியிலிருந்து அதனை நீக்கிவிட்டதாக விடையளிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

சில வகைச் செயலிகளில் அவ்வறிவிப்பும் ஒரு குறுக்கீடாகவே செல்கிறது என்பது கவனிக்கத்தக்கது. இரண்டு செயலிகள் இருப்பதாகக் கொள்க. முதலாவது செயலி ஒரு பூட்டைத் தன் கையில் வைத்துக்கொண்டு, குறுக்கீடுகளுக்குச் செவியை அடைத்துக்கொண்டு, நினைவகத்தை விடுவிக்கத் தொடங்குகிறது. இரண்டாவது செயலியின் விடைக்காக அது காத்து நிற்கிறது. இரண்டாவதோ, முதலாவதின் கையிலுள்ள பூட்டுக்காகத் தானும் செவியை அடைத்துக்கொண்டு காத்து நிற்கிறது. ஒன்று மணி அடிக்கிறது, மற்றொன்றுக்குக் கேட்கவில்லை. மற்றொன்று பூட்டைக் கேட்கிறது, முன்னது விடவில்லை. இரண்டும் அவ்வாறே நின்றுவிடும். ஒடுங்கிய பாலத்தின் நடுவில் எதிரெதிரே சந்தித்த இரு வண்டிகளும் பின்வாங்க மறுத்து நிற்பதை ஒத்தது இது.

இக்காரணத்தாலேயே, சாதனத்தோடு நிலையாகப் பகிரப்படும் நினைவகத்தை விடுவிக்கும்போது குறுக்கீடுகள் திறந்திருத்தல் வேண்டும் என்று லினக்ஸ் கருவின் விதி கூறுகிறது. விதியை மீறும் செலுத்தியைக் கண்டால் கரு தன் நாட்குறிப்பில் ஓர் எச்சரிக்கையைப் பதிவு செய்கிறது. இவ்வெச்சரிக்கை பல இளம் பொறியியலாளரை மயங்க வைப்பதுண்டு. தம் கணினியில் நிரல் குறையின்றி இயங்குகிறதே, பின்னர் எதற்கு எச்சரிக்கை என்று அவர்கள் கேட்பர். அவர்களுடைய கணினியில் அந்நினைவகம் முகவரிப் பட்டியலைத் தொடாமலே விடுவிக்கப்படும் வகையினதாக இருக்கலாம். அதே செலுத்தி வேறு வகைச் செயலி கொண்ட சாதனத்தில் இயங்கும்போது உறைந்துபோகக்கூடும். ஒரு கணினியில் ஓடியது என்பதனாலேயே ஒரு நிரல் சரியானது என்று கொள்வது ஏற்புடையதன்று.

மூன்றாவது இடர் இவ்விரண்டினும் நுட்பமானது. அதற்கு அண்மைக் காலத்திலேயே ஒரு சான்று கிடைத்தது. குறுக்கீட்டு நிரல் நீண்ட நேரம் ஓடக்கூடாதாகையால், அவசரப் பகுதியை மட்டும் உடனே செய்துவிட்டு, எஞ்சியதைச் சற்றுப் பின்னர் செய்யுமாறு குறித்துவைப்பது வழக்கம். அவ்வாறு குறித்துவைக்கும் சீட்டுகளுள் டாஸ்க்லெட் என்பது ஒரு வகை. கரு அச்சீட்டை எடுத்து, "இது இப்போது செய்யப்படுகிறது" என்று அதன்மேல் ஒரு அடையாளமிட்டு, அதில் கண்ட பணியைச் செய்வித்து, முடிந்தபின் அடையாளத்தை அழிக்கும். டாஸ்க்லெட்டும் தன் பணி முடியும்வரை காத்திருத்தல் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதே.

வட்டில் உள்ள தரவை மறைகுறியாக்கிப் பாதுகாக்கும் டி.எம்.கிரிப்ட் என்னும் லினக்ஸ் பகுதி இச்சீட்டைப் பயன்படுத்தியது. ஒவ்வொரு வாசிப்பு வேண்டுகோளுக்கும் ஓர் உறை. அவ்வுறைக்குள்ளேயே சீட்டும் வைக்கப்பட்டிருந்தது. பணி முடிந்ததும் உறை இனித் தேவையில்லை. ஆகவே பணியின் முடிவிலே உறை விடுவிக்கப்பட்டது. பார்வைக்கு இதில் பிழை இல்லை. ஆயின் பணி முடிந்து திரும்பியபின் கரு அடையாளத்தை அழிப்பதற்காக மீண்டும் அச்சீட்டைத் தொடுகிறது. சீட்டு இருந்த உறையோ அதற்குள் விடுவிக்கப்பட்டு வேறொருவருக்குச் சென்றிருக்கலாம். அவ்வாறாயின் கரு, பிறருடைய ஏட்டிலே தன் அடையாளத்தை அழிக்கும். ரெட் ஹாட் நிறுவனத்தின் மிக்குலாஷ் பட்டோச்கா என்பவர் 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதனை விளக்கி, அப்பகுதியிலும் அதனோடொத்த டி.எம்.வெரிட்டி என்ற பகுதியிலும் டாஸ்க்லெட்டின் பயன்பாட்டை நிறுத்தினார்.

இந்நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது ஒன்று. உறையை விடுவித்தவர் கவனமற்றவர் அல்லர். தம் வேலை முழுவதும் முடிந்தபின்னரே விடுவித்தார். தம் வேலையைச் செய்வித்த மேற்பார்வையாளரும் அவ்வுறையை ஒரு முறை தொடுவார் என்பதே அவர் கணக்கில் சேராத செய்தி. பின்னர் டெஜுன் ஹியோ என்பவர், சீட்டைப் பணி தொடங்கிய பின்பு மீண்டும் தொடாத புதிய ஏற்பாடு ஒன்றை அமைத்தார். 2024 மே மாதத்தில் வெளிவந்த லினக்ஸ் 6.9ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது. டாஸ்க்லெட் என்னும் வழக்கத்தைப் படிப்படியாகக் கைவிடும் முயற்சி அதன்பின் வலுப்பெற்றது.

இம்மூன்று இடர்களுக்கும் அறிஞர்கள் கண்ட மருந்து சுருக்கமானது: மணி ஒலிக்கும் வேளையில் விடுவிக்காதே, விடுவிக்க வேண்டும் என்று குறித்துவை. குறித்துவைத்தவற்றை, காத்திருக்க உரிமையுள்ள வேறொரு தொழிலாளி ஆறுதலாக எடுத்துச் செய்வான். அதற்கென வேலை வரிசை என்னும் ஏற்பாடு கருவில் உண்டு. பெரிய அளவு நினைவகத்தை விடுவிக்கும் கட்டளை குறுக்கீட்டின் நடுவே வந்தால், அதனைக் கருவே வேலை வரிசைக்கு மாற்றிவிடும் வழி 2013ஆம் ஆண்டில் வெளிவந்த 3.10ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. குறுக்கீட்டுப் பணியின் நீண்ட பகுதியைக் காத்திருக்க வல்ல ஒரு தனி இழையிலே நடத்தும் வசதி அதற்கு முன்னரே, 2009ஆம் ஆண்டில் வந்துவிட்டது. பூட்டைக் கையில் வைத்திருக்கையில் விடுவிக்க நேர்ந்தாலோ, பூட்டினுள்ளே பொருளைப் பட்டியலிலிருந்து கழற்றிக்கொண்டு, பூட்டைத் திறந்து வெளியே வந்தபின் விடுவிப்பதே முறையாகும்.

சாதனத்தை முழுவதுமாக மூடும்போது இவ்வொழுங்கு இன்னும் கண்டிப்பாகப் பேணப்படுகிறது. முதலில் சாதனத்தை நிறுத்துமாறு கட்டளை இடப்படும். கட்டளை இட்டதாலேயே அது சென்று சேர்ந்தது என்று கொள்ளலாகாது. செயலியிலிருந்து சாதனத்துக்குச் செல்லும் கட்டளைகள் வழியில் சற்றுத் தங்குவதுண்டு. ஆகவே சாதனத்திடமிருந்து ஒரு விடையைத் திரும்பப் படித்து, கட்டளை சேர்ந்ததை உறுதிசெய்ய வேண்டும். அடுத்து, வேறொரு செயலியில் அச்சாதனத்தின் குறுக்கீட்டு நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். பின்னர் வரிசையில் நிற்கும் வேலைகளையும் கடிகாரத்தில் குறித்த வேலைகளையும் நீக்க வேண்டும். எல்லாம் முடிந்த பின்னரே நினைவகத்தை விடுவிக்கலாம். இவற்றுள் காத்திருக்கும் படிகள் பல உள்ளமையால், இவ்வரிசையைக் குறுக்கீட்டின் நடுவே நடத்தவே இயலாது. குறுக்கீட்டு நிரல் தன் முடிவுக்காகத் தானே காத்து நிற்பது எங்ஙனம்?

மேலும் ஒரு வினா எஞ்சுகிறது. ஒரு பொருளைப் பலர் ஒரே வேளையில் பூட்டின்றிப் படித்துக்கொண்டிருந்தால், கடைசி வாசகர் எப்போது முடிப்பார் என்று அறிவது எவ்வாறு? இதற்கு ஆர்.சி.யூ. என்று சுருக்கமாக வழங்கும் முறை விடை பகர்கிறது. பழைய படியை உடனே அழிக்காமல், புதிய படியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, அவ்வேளையில் படித்துக்கொண்டிருந்த அனைவரும் ஒரு முறை ஓய்ந்தது உறுதியான பின்னரே பழையதை விடுவிப்பது அதன் சாரம். இம்முறையை வளர்த்தவருள் முதன்மையானவர் போல் மக்கென்னி. லினக்ஸ் கருவில் அது 2002ஆம் ஆண்டில் சேர்ந்தபோது, அதற்காக உழைத்தவருள் ஐ.பி.எம். நிறுவனத்தின் பெங்களூர்க் கிளையைச் சேர்ந்த தீபங்கர் சர்மாவும் ஒருவர். நம் அயலில் ஆற்றப்பட்ட அப்பணியின் பயன் இன்று உலகில் கோடிக்கணக்கான தொலைபேசிகளில் இயங்குகிறது. ஆயினும் இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: வாசகர் ஓய்ந்தபின் விடுவிக்க வரும் நிரல் பல வேளைகளில் காத்திருக்க உரிமை இல்லாத நிலையிலேயே அழைக்கப்படும். ஆகவே பெரிய நினைவகமாயின் அங்கிருந்தும் அதனை வேலை வரிசைக்கே அனுப்ப வேண்டும்.

இவ்வளவும் கேட்டவர், எல்லா விடுவித்தலையும் ஒத்திப்போட்டுவிட்டால் கவலை இல்லையே என்று எண்ணக்கூடும். அதிலும் அளவு வேண்டும். 1969 யூலை 20ஆம் நாள், அப்பொல்லோ 11 விண்கலத்திலிருந்து பிரிந்த ஈகிள் என்னும் கலம் சந்திரனை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது அதன் கணினி 1202, 1201 என்னும் அபாயக் குறிகளைக் காட்டியது. இறக்கத்துக்குத் தேவையற்ற ஒரு ராடாரிலிருந்து ஓயாமல் வந்த துடிப்புகள் கணினியின் நேரத்தைச் சிறிது சிறிதாகப் பறித்துக்கொண்டிருந்தன. அதனால் ஒரு வேலை முடியுமுன்னரே அடுத்த வேலை வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றும் தன் நினைவக இடத்தை விடாமல் பிடித்திருந்தது. ஈற்றில் புதிய வேலைக்குக் கொடுக்க இடமே இல்லாமற் போயிற்று. நல்வேளையாக, அத்தகைய நிலையில் முக்கியமற்ற வேலைகளைக் கைவிட்டு முக்கியமானவற்றை மட்டும் தொடங்குமாறு அக்கணினியின் நிரல் முன்னரே எழுதப்பட்டிருந்தது. கலம் பத்திரமாக இறங்கியது. முன்கூட்டி விடுவித்தல் கேடாவது போலவே, உரிய காலத்தில் விடுவிக்காமையும் கேடே என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஆதலால் தேர்ந்த செலுத்தியை எழுதுவோர், மணி ஒலிக்கும்தோறும் நினைவகத்தைப் பெறுவதையும் விடுவதையும் இயன்றவரை தவிர்க்கிறார்கள். சாதனம் இயங்கத் தொடங்கும்போதே வேண்டிய அறைகளை ஒருசேரப் பெற்று வட்டமாக அமைத்துக்கொள்கிறார்கள். நீர் இறைக்கும் கமலையின் சால் கிணற்றுக்கும் வாய்க்காலுக்குமாக மீண்டும் மீண்டும் சென்று வருவது போல அவ்வறைகள் நிரம்பியும் வெறுமையாகியும் சுழன்று வருகின்றன. விடுவித்தல், எல்லாம் ஓய்ந்தபின் ஒரே ஒருமுறை நிகழ்கிறது.

பாடசாலைகளில் தகவல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகக் கற்கும் மாணவருக்கு, நிரல் எழுதுதல் என்பது கட்டளைகளை வரிசையாக அடுக்குவது என்றே முதலில் தோன்றும். ஒரே வேளையில் பலர் தொடும் பொருளைக் கையாளத் தொடங்கும்போதுதான், வரிசை என்பது எழுதுபவரின் தாளில் மட்டுமே உள்ளது என்பது அவருக்கு விளங்கும். அத்தகைய மாணவர் ஒருவர் பிற்காலத்தில் ஒரு செலுத்தியை எழுத நேர்ந்தால், விடுவிக்கும் கட்டளையை எழுதுமுன் மூன்று வினாக்களைத் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். இதனை வேறு எவரேனும், சாதனமோ செயலியோ மேற்பார்வையாளரோ, இன்னும் தொடக்கூடுமா? இதனை விடுவிப்பதற்குக் காத்திருக்க நேருமா? காத்திருக்க இவ்வேளையில் எனக்கு உரிமை உண்டா? இம்மூன்றுக்கும் தெளிந்த விடை கிடைக்காதவரை, அக்கட்டளையை வேறோர் இடத்துக்கு மாற்றுவதே அறிவுடைமை. அவர் எழுதும் அவ்வொரு வரி, அவர் முகமறியாத எத்தனையோ பேருடைய கைகளில் இருக்கும் கருவிகளில் நொடிக்கு நூறுமுறை இயங்கப் போகிறது.